சத்தம் பற்றிய புகார்

நகரசபைக் கூட்டத்தில் வாய் திறக்காத ஒரே ஆள் அவள்தான். சுருக்கெழுத்துக்காரி. மற்றவர்கள் பேசுவார்கள், அவள் பென்சில் ஓடும். பதினேழு வருடமாக அவள் மதம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. தங்களில் ஒருத்தி என்றே நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

அன்று ஆறாவது பொருள், அவள் அண்ணனின் விண்ணப்பம். அண்ணன் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. அவன் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பேர் கூடிக் கும்பிட்டு வந்தார்கள். ஊரில் அந்த மதத்தார் மொத்தமே அவ்வளவுதான். அறைக்கு அனுமதி புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டு.

தலைவர் பக்கத்து வீட்டாரின் புகாரைப் படித்தார். "பாட்டும் கூத்துமாக ஒரே சத்தம். தூங்க முடியவில்லை."

"இவங்க நாலு பேர் சேர்ந்தா நாப்பது பேர் சத்தம் போடுவாங்க," என்றார் ஓர் உறுப்பினர்.

"புகார் குடுத்தவரு காதுல பஞ்சு வெச்சுக்கட்டும்," என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். சிரிப்பைக் குறிப்பில் எழுதும் வழக்கமில்லை.

பென்சில் நின்றது. அவர்கள் கும்பிடுவது என்பது ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது. பாட்டு கிடையாது, மணி கிடையாது. இருமல் வந்தால்கூட வெளியே எழுந்து போய்விடுவார்கள்.

"ஐயா, அங்க சத்தமே வராது."

நாற்காலி பேசியதுபோல எல்லாரும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நானும் அங்கதான் கும்பிடறேன். யாரும் வாயே திறக்க மாட்டோம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷமா சொல்லவே இல்லையேம்மா."

"யாரும் கேக்கலைங்க."

"சரி, கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னதான் பண்றீங்க?"

"உக்காந்திருப்போம்."

"சும்மாவா?"

"சும்மாதாங்க."

"பாடித் தொலைச்சாலாவது உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்," என்றார் பஞ்சு உறுப்பினர். "இது இன்னும் வில்லங்கமால்ல இருக்கு!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சத்தம் என்ற காரணம் நீக்கப்படுகிறது. உள்ளே நடப்பது வெளியே தெரியாததால், பொதுப் பாதுகாப்பு கருதி அனுமதி மறுக்கப்படுகிறது. ஆதாரம்: சுருக்கெழுத்தாளரின் கூற்று.

"ஒருமனதாகன்னு போட்டுக்கங்க."

போட்டாள். அவளுக்கு ஓட்டில்லை.

மதியம் உத்தரவைத் தட்டச்சு செய்தாள். ஒரு பிழை இல்லை. உறையில் அண்ணன் பெயரை எழுதினாள். பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், கையில் தரக்கூடாது. விதி அப்படி. கையெழுத்து வாங்க அவள் நுழைந்ததும் தலைவர் அறையில் பேச்சு நின்றது. அவள் வெளியே வந்ததும் தொடர்ந்தது.

சாயங்காலம் முன்னறையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே அண்ணன், கண்ணை மூடி, ஒரு கவலையும் இல்லாத முகத்தோடு. ஒரு மணி நேரம் மற்றவர்களின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் கண்ணை மூடவில்லை.

கலைந்த பிறகு அண்ணன் வாசல்வரை வந்தான். "இன்னைக்குக் கூட்டமாச்சே. நம்ம விஷயம் என்னாச்சும்மா?"

"தபால்ல வரும்ணே."

"நல்ல சேதிதானே?"

அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். மாட்டியதைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.