தொண்டைக்குக் கீழே

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போன டாக்டரம்மா, நான் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே திரும்பி வந்து நின்றார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, "இன்னிக்குப் பண்ண முடியாதும்மா" என்றார்.

"மயக்கம் குடுக்க ஆரம்பிச்சதும் சோறு மேல வந்துருச்சு. நல்லவேளை, உடனே உறிஞ்சி எடுத்துட்டோம். நுரையீரலுக்குள்ள போயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன். தண்ணி ஆகாரம் மட்டுந்தான குடுக்கச் சொன்னேன்?"

"அதுதான் டாக்டர் குடுத்தேன். காலையிலேருந்து அதுவும் குடுக்கல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். சாயங்காலம்வரை வார்டில் இருக்கட்டும், அடுத்த தேதி சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல் மாஸ்டர். அத்தனை பேருக்கு வடித்துக் கொட்டுகிற மனுஷனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது இதயம்தான் என்று பதறி ஓடினோம். இதயம் குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது. பிறகு மூக்கு வழியாகக் குழாய் விட்டு அழுத்தம் பார்த்தபோதுதான் தெரிந்தது, உணவுக்குழாயின் தசை நேரங்கெட்ட நேரத்தில் முஷ்டி மாதிரி இறுகிக்கொள்கிறது என்று. வாய் வழியாகவே கேமராக் குழாயை இறக்கி, உள்தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி வழி செய்து, இறுகுகிற தசையை நீளவாக்கில் வெட்டிவிட்டால் பிடிப்பு தளரும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவருக்குத்தான் கத்தி என்றால் குலை நடுங்குகிறது.

கேன்டீனில் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாராம். வீட்டில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டார். கஞ்சித் தம்ளரோடு கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு, ஒவ்வொரு மடக்குக்கும் நெஞ்சைக் குத்திக்கொள்வார். ஆரம்பத்தில் என் சமையல் பிடிக்காமல்தான் அப்படிப் போகிறார் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது இந்தச் சோறு எங்கிருந்து வந்தது? கோபத்தில் எனக்குப் பசி அதிகமாகும். பையிலிருந்த என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். விளிம்புவரை அடைத்துக் கொண்டுவந்த சோறு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. மேலே கரண்டியின் முதுகால் தடவி, இஸ்திரி போட்டதுபோல் சமன் செய்யப்பட்டிருந்தது. சலவைக்கடையில் துணி தேய்க்கிறவள் நான், தானாகப் படிந்தது எது, அழுத்திப் படிய வைத்தது எது என்று எனக்குத் தெரியாதா? காலையில் அட்மிஷன் வரிசையில் நான் நின்றபோது பை அவர் மடியில்தான் இருந்தது.

வார்டில், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில், மயக்கம் தெளிந்து அவர் சாய்ந்திருந்தார். நான் டப்பாவை முன்னால் நீட்டினேன்.

"தின்னீங்களா?"

"மூணு வாய்தான்."

"செத்துப்போயிருப்பீங்க."

"அந்தப் பயத்துலதான் தின்னேன்" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "எந்திரிக்காமயே போயிட்டா, வெறும் வயித்தோடயா போறது? உன் கைச்சோறு தின்னு எவ்வளவு நாளாச்சு."

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அந்தத் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "அடுத்த தடவ வருவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"உப்புப் பத்தல."

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"நீ மொதல்ல சாப்பிடு. பசியோட திட்டினா திட்டும் சரியா வராது."

அவருக்கு முன்னால் சாப்பிட மனம் கூசியது. ஆனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தேன். உப்பு நிஜமாகவே பத்தவில்லை. கிளம்புகிற படபடப்பில் மறந்திருக்கிறேன்.

கேன்டீனில் முதல் தட்டு வெளியே போனதும், சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறவர் முகத்தையே பார்ப்பார் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். இப்போதும் என் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் பார்த்தது என் முகத்தை இல்லை. நான் விழுங்க விழுங்க, அவர் கண் என் தொண்டையில் நின்றது. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி, நெஞ்சுக்குழிவரை வந்தது.

"வருவீங்கல்ல?" என்றேன் மறுபடியும்.

நான் அடுத்த கரண்டியை அள்ளினேன். அவர் கண் மேலே ஏறி, என் தொண்டையில் வந்து காத்திருந்தது.