கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பாத்தி

லிப்ட் பழுது பார்ப்பது என் தொழில். மனிதர்கள் படியேறிக் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக இருபத்தெட்டு வருடம் உழைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஓடச் சொன்னவர் டாக்டர். ஓட வைத்தவள் மனைவி. ஓடுகிற கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளியவன் அவளுடைய தம்பி. கஷ்டகாலம் எப்போதும் குடும்பத்தோடுதான் வரும்.

மச்சான் நடத்தும் அந்தக் கூட்டம் சும்மா ஓடுவதில்லை. ஞாயிறு காலை ஆறே காலுக்கு பஸ் டிப்போ வாசலில் கிளம்பி, ஐந்து கிலோமீட்டர் ஓடி, பூங்காவுக்குப் போய்த் தோட்ட வேலை செய்ய வேண்டும். அத்தனை பெரிய பூங்காவுக்கு நகராட்சி வைத்திருப்பது ஒரே ஒரு தோட்டக்கார அம்மாவை. அவருக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் சம்பளமில்லாத எடுபிடிகள். ஆளுக்கொரு பாத்தி.

சட்டங்கள் இரண்டு. மச்சானின் சட்டம்: ஓடி வந்தவர்தான் மண்ணைத் தொடலாம், வண்டியில் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அம்மாவின் சட்டம்: கருவி அறை ஏழு மணிக்குப் பூட்டப்படும். அதற்குள் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் மண்வெட்டி, களைக்கொத்தி எல்லாம். வாங்கியதை இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடாது. தாமதமாக வந்தால் விளக்கமாறு.

நான் சேர்ந்தபோது நல்ல பாத்திகளெல்லாம் போய்விட்டன. மிச்சமிருந்தது கழிப்பறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஆறடிக்கு நாலடி.

"இதுல இதுவரைக்கும் எதுவும் முளைச்சதில்ல சார்," என்றார் அம்மா. "அதனால பயப்படாம செய்ங்க. நீங்க கெடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

எனக்குக் கிடைத்த வேலைகளிலேயே இவ்வளவு நம்பிக்கையோடு கொடுக்கப்பட்ட வேலை வேறில்லை.

முதல் கொத்திலேயே களைக்கொத்தி ணங் என்றது. கழிப்பறை கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் அங்கேதான் புதைத்திருந்தார்கள். செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, குழாய்த் தலை, யார் வீட்டு ஸ்பூனோ ஒன்று. சரி, லிப்ட் பள்ளத்துக்குள் இறங்கி எண்ணெய்க்கும் தூசிக்கும் நடுவே பழுது தேடுகிறவனுக்கு இது என்ன புதிதா? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாண் ஒரு சாணாகத் தோண்டினேன். கழித்துப்போட்ட லிப்ட் ஒன்றின் காற்றோட்ட வலையை மரச்சட்டத்தில் அடித்துச் சல்லடையாக்கி, மண்ணை அள்ளி அள்ளிச் சலித்தேன். மக்கிய இலையைக் கலந்தேன். மூன்றாவது வாரம் ஒரு மண்புழு எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது எனக்குக் குரல் கம்மிவிட்டது. "புழு வந்ததுக்கா?" என்றாள் அவள். ஆமாம், புழு வந்ததற்குத்தான்.

சிக்கல் என்னவென்றால் எனக்கு மண் வந்த அளவுக்கு ஓட்டம் வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் வரை ஏதோ ஓடுவேன். அதன்பின் என் நுரையீரல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடும். நடந்து போனால் கருவி அறை பூட்டிவிடும். இப்படி முதல் ஞாயிறே நடுத்தெருவில் நாக்குத் தள்ளி நின்றபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி பதினேழாம் நம்பர் பஸ் வந்தது.

ஏறிவிட்டேன். நாலாவது கிலோமீட்டர் முடிகிற இடத்தில் இறங்கினேன். அங்கே தெருக்குழாய் ஒன்று. பனியனில் நெஞ்சுக்கும் முதுகுக்கும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, கடைசி கிலோமீட்டரை இளைத்தபடி ஓடி, ஆறு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். இப்படியே ஆறு வாரம். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே டிக்கெட் கிழிக்கும் அளவுக்கு நட்பு முற்றியிருந்தது.

ஏழாவது வாரம் மச்சான் எல்லோருடைய போனிலும் ஒரு ஓட்ட ஆப்பை ஏற்றிவிட்டான். ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அதுவே குறித்துக்கொள்ளுமாம். நான் தலையாட்டி போனைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியபோது அது என் ஞாபகத்திலேயே இல்லை.

அன்று ஏழரை மணிக்கு, எல்லோரும் குனிந்து கொத்திக்கொண்டிருந்தபோது பன்னிரண்டு போன்களும் ஒரே நேரத்தில் மணியடித்தன. குழுவின் அதிவேக ஓட்டக்காரரை ஆப் பாராட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தங்கக் கோப்பைப் படம். படத்துக்குக் கீழே நான்.

மச்சான் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, மூணாவது கிலோமீட்டரை ஒன்றரை நிமிஷத்துல ஓடியிருக்கீங்க."

"அப்படியா? கொஞ்சம் இறக்கமான ரோடு..."

"உலகத்துலயே யாரும் ஒரு கிலோமீட்டரை அந்த வேகத்துல ஓடினதில்ல மாமா. நாலாவதுல கொஞ்சம் சுணக்கம். சிக்னல்ல நின்னீங்களா?"

கையும் களைக்கொத்தியுமாக அகப்பட்டேன். சிரித்தவர்களில் முதல் ஆள், எங்களோடு புதிதாக ஓட வந்திருந்த பல் டாக்டர். பாத்திக்காகக் காத்திருப்போர் வரிசையில் அவர்தான் முதல் ஆளும்கூட.

"களைக்கொத்தியைக் கீழ வைங்க மாமா," என்றான் மச்சான். குரலில் கேலி போயிருந்தது. அதுதான் சுட்டது.

தோட்டக்கார அம்மா தன் பங்குக்கு நாள் குறித்தார். "அடுத்த ஞாயிறு நடவு. எட்டு மணிக்குள்ள நடாத பாத்தியை வரிசையில இருக்கறவருக்குக் கொடுத்துடுவேன். மழைக்கு முன்னாடி எல்லாம் பச்சையா இருக்கணும். இதுல எனக்கு மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது."

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அஞ்சலகத்தில் கவுன்ட்டரில் இருப்பவள். வரிசை தாண்டி வருகிறவர்களைப் பார்க்கும் பார்வை ஒன்று அவளிடம் உண்டு. அதைப் பார்த்தேன்.

"பஸ்ல போனதைக்கூட மன்னிச்சிடுவேன். பனியன்ல பச்சைத்தண்ணி தெளிச்சிக்கிட்டீங்க பாருங்க! அதை வியர்வைன்னு நினைச்சு வாரா வாரம் தனியா ஊற வெச்சுத் தேய்ச்சேனே, அந்தக் கைவலிக்கு யார் பதில் சொல்றது?"

பிறகு பால்கனிக்குப் போனாள். அங்கே இருபத்துநாலு காகித டீ கப்களில் நான் விதைபோட்டு வளர்த்த காசித்தும்பைக் கன்றுகள் விரல் நீளம் நின்றன. நிழலிலும் பூக்கும் என்று தேடிப் பிடித்த செடி. ஒவ்வொரு கப்பையும் தொட்டு ஈரம் பார்த்தாள்.

"இதை நான் கொண்டு வரேன், பஸ்ல. எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. நீங்க கையை வீசிட்டு ஓடி வாங்க."

"அஞ்சு கிலோமீட்டரா?"

"அஞ்சும்."

அந்த வாரம் பயிற்சி எடுத்தேன். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. லிப்டில் போகாமல் காலையும் மாலையும் படியேறினேன். இரண்டாம் நாளே கட்டடத்தில் பீதி. லிப்ட் மெக்கானிக்கே படியில் போகிறான் என்றால் லிப்டில் என்னவோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆறாம் மாடிக்காரர் என் கம்பெனிக்கே போன் போட்டுவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு, "உடம்பு குறைக்கணும்னா வேற கம்பெனி லிப்ட் இருக்கற கட்டடத்துல ஏறுங்களேன்" என்று கெஞ்சினார்.

ஞாயிறு வந்தது. மற்றவர்கள் கிளம்பிய வேகத்தில் டிப்போ வாசலில் தூசிதான் எனக்குத் துணை. முதல் கிலோமீட்டர் பரவாயில்லை. இரண்டாவது முடிவில் வழக்கமான ராஜினாமாக் கடிதம் வந்தது. ஏற்கவில்லை. மூன்றாவதில், காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகும் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். அவர் நடந்துதான் போனார். போகட்டும், அவருக்குப் பாத்தி இருக்கிறதா என்ன?

நாலாவதில் பின்னால் ஹாரன். பதினேழாம் நம்பர், என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. கண்டக்டர் படியில் தொங்கினார்.

"சார்! ஸ்டாப்பைத் தாண்டி ஓடிட்டு இருக்கீங்களே, ஏறுங்க! உங்களுக்காகத்தான் ஸ்லோ பண்ணச் சொன்னேன்!"

ஜன்னலோரத்தில் மடிமேல் தட்டு, தட்டுமேல் இருபத்துநாலு கப், அதற்கு மேல் என் மனைவியின் முகம்.

"அவரை ஏத்தாதீங்க!"

"ஏம்மா? டிக்கெட் எடுப்பார்மா, நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான், எனக்குத் தெரியாதா? நீங்க வண்டியை எடுங்க!"

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள். ஏன் என்று தெரியாமலே மற்றவர்களும் தட்டினார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. தெருக்குழாயைத் தாண்டினேன். அன்று அதன் உதவி தேவைப்படவில்லை. பனியனைப் பிழிந்தால் ஒரு வாளி வரும்.

பூங்கா வாசலை மிதித்தபோது என் கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன. ஆனால் ஐந்தும் ஓடியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக, ஒரு அடிகூடப் பொய் இல்லாமல். நெஞ்சு மத்தளம் கொட்டியதில் பாதி மூச்சிரைப்பு, மீதி கர்வம்.

கருவி அறையில் பூட்டுத் தொங்கியது.

"ஏழு நாலு," என்றார் அம்மா. விளக்கமாறை நீட்டினார்.

மச்சான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அஞ்சு கிலோமீட்டர், நாப்பத்தொன்பது நிமிஷம்," என்றான் மெதுவாக, வேலிக்கு வெளியே தட்டோடு நின்ற தன் அக்காவிடம். "நிஜமாவே ஓடியிருக்கார்க்கா. எங்கயும் நிக்கல." அவன் கையிலிருந்த மண்வெட்டியை என் பக்கம் நீட்டப் போனான். அம்மா தொண்டையைச் செருமினார். கை தானாகக் கீழே இறங்கியது.

என் பாத்தியருகே பல் டாக்டர் நின்றிருந்தார், பளபளக்கும் களைக்கொத்தியோடு. கெட்டவர் இல்லை, காத்திருக்கத் தெரிந்தவர். "எட்டு மணி வரைக்கும் தொட மாட்டேன் சார்," என்றார் தணிந்த குரலில். "அப்புறம் எடுத்தாலும் வலிக்காம எடுத்துக்கறேன்."

பாத்தியோரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது, விழுந்தேன். விழும்போது வலது கையை மண்ணில் ஊன்றினேன். கை நிற்கவில்லை. மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

எடுத்துப் பார்த்தேன். இன்னொரு இடத்தில் மூன்று விரலை வைத்து அழுத்தினேன். அதுவும் போனது. ஒரு கல் தட்டவில்லை, ஒரு சில்லு கீறவில்லை. ஏழு வாரம் சலித்த மண், மாவு மாதிரி வழிவிட்டது. முன்பு களைக்கொத்தியைத் திருப்பி அனுப்பிய அதே இடம்.

"அம்மா," என்றேன். "கருவி இல்லாம நடலாமா?"

"நான் பூட்டினது கருவியைத்தான்," என்றார். "உங்க கையை இல்ல."

மனைவி வேலிக்கு அப்பாலிருந்து முதல் கப்பை நீட்டினாள். மச்சான் பதறினான்.

"அக்கா! நீ பஸ்ல வந்தவ. மண்ணைத் தொடக் கூடாது!"

"டேய், இது எங்க வீட்டு பால்கனி மண்ணு. உன் சட்டத்தை உன் பூங்காவோட வெச்சுக்க."

விரலால் குழி, கப்பைக் கிழித்து வேரோடு கன்று, சுற்றி மண், உள்ளங்கையால் ஒரு அழுத்து. இரண்டாவது. மூன்றாவது. முழங்கால் கெஞ்சியது. ஒன்பதாவதுக்குப் பிறகு அதன் பேச்சை நான் கேட்கவில்லை. மற்றவர்கள் தங்கள் பாத்தியை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். உதவக் குனிந்தவரை, இது என் வேலை என்று தடுத்தேன். கேலி யாரும் செய்யவில்லை. பல் டாக்டர் மட்டும், "அந்த ஓரத்துக் கன்று கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு சார்," என்றார். தொழில் புத்தி. நிமிர்த்தி வைத்தேன்.

இருபத்துநாலாவதை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது எட்டாக ஆறு நிமிடம் இருந்தது. தோட்டக்கார அம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கன்றையும் நின்று பார்த்தார். வரிசை நோட்டில் பல் டாக்டரின் பெயருக்கு நேரே 'பிறகு' என்று எழுதினார்.

வேலிக்கு வெளியே மனைவி, யாரென்றே தெரியாத ஒரு காலை நடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அதோ, கழிப்பறைக்குப் பின்னாடி இருக்கே, அது எங்க வீட்டுக்காரர் பாத்தி. ஓடியே வந்து நட்டார்." அவர் எதையும் விசாரிக்கவில்லை என்பது அவருடைய முகத்திலிருந்தே தெரிந்தது. அவளுக்கு அது பொருட்டில்லை.

மச்சான் என் பக்கத்தில் குந்தினான். கன்றுகளுக்கு நடுவே கையை வைத்து அழுத்தினான். மணிக்கட்டு மறைந்தது. எடுத்து, விரலிடுக்கில் மண்ணைத் தேய்த்துப் பார்த்தான். மறுபடியும் அழுத்தினான். வேகத்தில் ஊரையே தாண்டுகிறவனின் பாத்தி என் கண்ணுக்கு எதிரே இருந்தது: மேலாகக் கீறி, கட்டி கட்டியாக, கன்றுகள் பாறையில் குத்திவைத்த கொடிபோல நின்றன.

"மாமா," என்றான். "அடுத்த வாரம் என் பாத்திக்கு ஒரு கை வர்றீங்களா?"

"வரேன் மச்சான்," என்றேன். "ஓடித்தான் வருவேன். கொஞ்சம் முன்னாடியே கிளம்பணும், அவ்வளவுதான்."