சண்டை போட ஒரு கொட்டாய்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திட்டக்குடி பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கிடைத்தது. 1973, மாசி மாதம். மடியில் தூக்குவாளியும் துணிப்பையுமாக ஒரு பெண், பக்கத்தில் ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஆள். கண்டக்டருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்கம்மா, சாமான் சட்டியோட? எதாச்சும் விசேஷமா?"

"ஏரிக்கரைல ஒரு கொட்டாய் வாடகைக்கு எடுத்திருக்கறோம். ரெண்டு நாளு இருந்துட்டு வருவோம்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, வூடு இல்லியா?"

"வூடு இருக்குது. அதனாலதான்."

அவ்வளவுதான் நான் கேட்டது. ஏரிக்கரை நிறுத்தத்தில் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. பெயர்கள்கூட நான் வைத்தவைதான்.

(வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் யாரும் காற்று வாங்க ஏரிக்கரைக்குப் போவதில்லை. மாடு குளிப்பாட்டப் போவார்கள், மீன் பிடிக்கப் போவார்கள், விடிகாலையில் சொம்போடு போவார்கள். கொட்டாய் பிடித்துத் தங்கினார்கள் என்று எழுதினால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். காரணம் கேட்பீர்கள். அதை நான்தான் கொடுத்தாக வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: "அந்திச் சூரியன் ஏரி நீரில் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டிருந்த வேளையில், அந்த இளம் தம்பதிகள் கைகோத்து..."

வேண்டாம். அவர்கள் போனது உச்சி வெயிலில். கைகோக்கவும் வழியில்லை, அவன் கையில் ஜாடி.

இரண்டாவது தொடக்கம்: "அவளுக்கு நெஞ்சுச்சளி. காற்று மாறினால் தேவலை என்று டாக்டர்..."

பஸ்ஸில் நான் கேட்ட குரலில் சளி கிளி ஒன்றும் இல்லை. கணீரென்றிருந்தது.

மூன்றாவது தொடக்கம்: "பாஞ்சாலைக்குத் தன் புருஷனோடு சண்டை போட ஓர் இடம் வேண்டியிருந்தது."

இதை எழுதியதும் பேனா தானாக ஓட ஆரம்பித்தது. எனவே இதுதான்.

3

பாஞ்சாலை, விருத்தாசலத்துப் பொம்மை கம்பெனி ஒன்றில் கண் எழுதிக்கொண்டிருந்தவள். பீங்கான் பொம்மைக்குப் புருவம், கண், உதடு எல்லாம் அவள் கை. பழமலை அதே கம்பெனியில் சூளைக்காரன். பெண் பார்த்தபோதே அவள், "நான் வேலைய வுட மாட்டேன்" என்றாள். அவன் "சரி" என்றான். கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகிறது, அவள் வீட்டில்தான் இருக்கிறாள். "எப்ப வேலைக்குப் போறது?" என்று கேட்டால் அவன் வாயைத் திறப்பதில்லை.

அழுத்திக் கேட்கவும் அந்த வீட்டில் வழியில்லை. ஒரே கூடம். மாமனார், மாமியார், மூத்தார், ஓரகத்தி. அவள் "இந்தாங்க" என்று ஆரம்பித்தால் போதும், கணவன் தலையைத் தவிர எல்லாத் தலையும் திரும்பும்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. கம்பெனி மேஸ்திரி சொல்லியனுப்பியிருக்கிறார்: திங்கட்கிழமை சூளை பிரிக்கும்போது பாஞ்சாலை வந்து நின்றால் அவள் இடம் அவளுக்கு, வராவிட்டால் வேறு பெண்ணுக்கு.

பழமலையின் மௌனத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அது தொழிலிலிருந்து வந்தது. சூளையில் பொம்மைகளை அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்து, மண் பூசி, நெருப்புப் போடுவார்கள். நெருப்பை நிறுத்தியபின் நன்றாக ஆறும்வரை யாரும் தொடக்கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்காற்று பட்டு அத்தனையும் படபடவென்று விரிசல் விட்டுவிடும். அந்த ஆறுகிற நாட்கள்தான் சூளைக்காரனுக்கு லீவு. இந்த ஏரிக்கரை வாசமும் அந்த லீவில்தான். கோளாறு என்னவென்றால், பழமலை வீட்டுச் சண்டையையும் அப்படியே அடைத்து, மண் பூசி, ஆறட்டும் என்று விட்டுவிடுகிறவன்.

(இவனை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறவன் என்ன செய்வது? இவனைத் தூக்கிவிட்டு நல்ல வாயாடியாக ஒருவனைப் போடலாமா என்று யோசித்தேன். பாஞ்சாலை ஒத்துக்கொள்ளவில்லை. "அவரப் பேச வைக்கத்தான சார் நான் இம்மாந்தூரம் வந்திருக்கறேன்? வேற ஆளப் போட்டா எனக்கென்னா ஆச்சி?" என்றாள். நியாயந்தான்.)

4

கொட்டாய் சாமிதுரையுடையது. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர், வலையும் கூடையும் போட்டுவைக்கக் கட்டியது. பனையோலைக் கூரை, மண் தரை, ஒரு கயிற்றுக்கட்டில், மூன்று கல் அடுப்பு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளேயிருந்து துடுப்பை முட்டுக்கொடுக்க வேண்டும். மீன் வாடைக்கு மட்டும் குறைவில்லை. வாடகை, மூடியோடு ஒரு ஊறுகாய் ஜாடி. ஜாடியைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்ட சாமிதுரை, இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பழமலை அடுப்பை மூட்டப் போனான்.

"சோறு அப்பறம். மொதல்ல சண்ட" என்றாள் பாஞ்சாலை. முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "இந்தாங்க..."

கதவு தட்டப்பட்டது. சாமிதுரை. "தம்பி, ரெண்டு கெண்ட மாட்டிச்சி. கொழம்பு வச்சிக்குங்க."

மீனை வாங்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். "இந்தாங்க, நான் என்னா கேக்கறேன்னா..."

"யம்மா, சாயங்காலத்துக்கு லாந்தரு வேணுமேன்னு எடுத்தாந்தேன்."

லாந்தரும் வந்தது. மூன்றாம் முறை அவர் கையில் எதுவுமில்லை. வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"தம்பி, ஒங்களுக்கு நீச்சலு தெரியுமா?"

பழமலைக்குப் புரியவில்லை. பாஞ்சாலைக்குப் புரிந்துவிட்டது. ஜோடியாக வந்து, ஏரிக்கரையில் தனியாக இடம் கேட்டு, முன்கூட்டியே ஜாடியையும் கொடுத்துவிட்டால் எந்த மனுஷன்தான் வேறு விதமாக நினைப்பான்?

"பெரியவரே, நாங்க சாவ வரல. சண்ட போட வந்தோம்."

சாமிதுரை மூச்சை விட்டார். "அடக் கடவுளே, அத மொதல்லயே சொல்றதுக்கென்னா? போடுங்க, நல்லா போடுங்க!" என்றவர், நேரே போய்ப் பத்தடி தள்ளிக் கரைமேல் வலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலை பார்ப்பதுபோலத்தான் இருந்தது. ஊசியில் நூலைக் காணோம்.

"வூட்டுல நாலு பேரு, இங்க ஒருத்தரு. இதுவே பரவால்ல" என்றாள் பாஞ்சாலை.

5

சண்டை.

(நான் இதில் தலையிடவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். கேட்டேனா என்று நீங்கள் கேட்கக் கூடாது.)

"வேலைக்கிப் போவலாம், சரின்னு சொன்னீங்களா இல்லியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"திங்கக்கெழம நான் வரணுமா, வேணாமா? ஒரே வார்த்த."

"ஆறட்டும், பேசிக்கலாம்."

"யோவ்!" என்றாள். கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின.*

"நான் என்னா சூளையா, ஆறப் போட? எட்டு மாசமா ஆறிக் கெடக்குது, இன்னும் எவ்ளோ ஆறணும்? எல்லாத்தயும் பிரிக்க வேணாய்யா. அந்தப் பாக்கற கல்லு ஒண்ண மட்டும் உருவு. உள்ள என்னாதான் வச்சிருக்கறன்னு பாத்துக்கறேன்."

(சூளை வாசலில் ஒரு செங்கல்லை மட்டும் மண் பூசாமல் விட்டிருப்பார்கள். நெருப்பின் நிறம் பார்க்க அதை உருவிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பான் சூளைக்காரன்.)

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். அப்புறம் பழமலை அந்தக் கல்லை உருவினான்.

"சூளை பிரிக்கிற அன்னிக்கி பொம்ம ஒடஞ்சி கெடந்தா யார திட்றாங்க?"

"ஒங்களத்தான்."

"செஞ்ச வேலையெல்லாம் போச்சேன்னு அத்தன பொம்பளைங்களும் சுத்தி நின்னு திட்டுவாங்க. நான் தலயக் குனிஞ்சிகிட்டு நிப்பேன். அத நீயும் நின்னு பாக்கணுமா? பாத்துட்டு வூட்டுக்கு வந்து எந்த மொகத்தோட எனக்குச் சோறு போடுவ?"

இது எனக்கே தெரியாது. அவன் அண்ணன் தடுத்திருப்பார், அம்மா தடுத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பாஞ்சாலையும் அப்படித்தான் நினைத்திருந்தாள் போல. அவள் குரல் இறங்கிவிட்டது.

"நானும் ஒரு வாட்டி திட்டியிருக்கறேன்."

"தெரியும். 'கையா அது, கொள்ளிக்கட்டையா'ன்னு கேட்ட."

"மத்தவங்க ஒடஞ்சத வுட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் துண்டெல்லாம் பொறுக்கினீங்க. நான் எழுதன பொம்மயோட தலய மட்டும் தொடச்சிக் கொண்டாந்து குடுத்து, 'கண்ணு நல்லா வந்திருக்குது'ன்னீங்க. தலயக் குனிஞ்சிகிட்டுத்தான் சொன்னீங்க. அதப் பாத்துத்தான் ஒங்களக் கட்டிக்கிறேன்னு சொன்னேன். பாக்கக் கூடாதாம் இல்ல!"

கரைமேலிருந்து சாமிதுரை மூக்கைச் சிந்தினார். "முடிஞ்சிதாப்பா? மீனு கெட்டுப் போவுது."

"முடியல பெரியவரே" என்றாள் பாஞ்சாலை. "நான் கேட்டதுக்கு இன்னும் பதிலு வரல."

நியாயமாக இங்கே அவன் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மீனை எடுத்துக்கொண்டு ஆயப் போனான். மறுநாள் முழுக்க அதே ஏரி, அதே கொட்டாய். அவன் இரண்டு தடவை எதையோ சொல்ல வாயெடுத்தான், இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டான்.

* அவர்கள் வீட்டில் புருஷனை யாரும் 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை. கொட்டாய் எதற்கு என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

6

முடிவுகள்.

அ) திங்கட்கிழமை சூளை பிரிக்கிறார்கள். ஒரு பொம்மைகூட உடையவில்லை. இருவரும் சிரிக்கிறார்கள். (பொய். எந்தச் சூளையிலும் நாலு பொம்மையாவது உடையும்.)

ஆ) பாஞ்சாலை கோபித்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சியிலிருக்கும் தாய்வீட்டுக்கு... (அடித்துவிட்டேன். விட்டுப் போகிறவள் எதற்குக் கொட்டாய் பிடித்து மெனக்கெடப் போகிறாள்?)

இ) செய்தி பரவி, விருத்தாசலத்தில் பாதிப் பேர் சண்டை போடச் சாமிதுரையிடம் முன்பதிவு... (இந்த முடிவை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "நமக்கு எந்தக் கெழம காலியா இருக்குதுன்னு கேளுங்க" என்றாள். வேகமாக அடுத்த பகுதிக்கு வந்துவிட்டேன்.)

7

திங்கட்கிழமை காலை. அதே பஸ், அதே கண்டக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் உண்மையில் நான் இல்லை. ஆனாலும் கதை என்னுடையது என்பதால் பின்சீட்டில் எனக்கு ஓர் இடம் போட்டுக்கொண்டேன்.

பாஞ்சாலை ஜன்னலோரம். பழமலை இந்தப் பக்கம். கையில் ஜாடி இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்னாம்மா, ஏரியெல்லாம் நல்லா இருந்திச்சா?" என்றார் கண்டக்டர். பாஞ்சாலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பழமலை பக்கம் திரும்பினார். "எங்கப்பா?"

"செராமிக் ஸ்டாப்பு." பொம்மை கம்பெனிக்கு இறங்குமிடம் அது.

"ரெண்டு பேருக்குமா? இல்ல, ஒனக்கு செராமிக், அம்மாவுக்கு வூட்டாண்ட பாலக்கரையா?"

பாஞ்சாலை வெளியே ஓடுகிற புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காது மட்டும் இங்கே இருக்கிறது.

ஒரே வார்த்தை. எழுதுவது எனக்கு ஒரு பெரிய காரியமில்லை. என் விருப்பம் எதுவென்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் எட்டு மாதமாகக் காத்திருப்பது என் வார்த்தைக்கு அல்ல. நடுவில் நான் புகுந்து சொல்லிவிட்டால், அந்தக் கூடத்தில் திரும்பிப் பார்க்கிற தலைகளில் நானும் ஒரு தலை ஆகிவிடுவேன்.

அதனால் நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். என் இடம் காலிதான், நீங்கள் வந்து உட்காருங்கள். அங்கிருந்து நன்றாகவே கேட்கும்.

கண்டக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். பழமலை தொண்டையைக் கனைத்துக்கொள்கிறான்.