கதவுக்காரியின் ஒரே மந்திரம்

ஊரில் அவளைக் கதவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டோ தாழ்ப்பாளோ போடாமலே சில கதவுகள் இறுகிக்கொள்ளும். வீட்டு மனிதர்களின் மனசு மரத்தில் ஏறிவிட்ட கதவுகள் அவை. கடப்பாரைக்கும் அசையாது. அப்போது அவளுக்கு ஆள் அனுப்புவார்கள்.

ஆரம்பத்தில் மண்டியிட்டு, கதவுப் பலகையில் காதை வைத்து நெடுநேரம் கேட்பாள். எதனால் மூடிக்கொண்டது என்று புரிந்த பிறகே அதற்கேற்ற சொல்லைச் சொல்வாள். போன இடமெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை, அண்ணன் தம்பி சண்டை. நாளடைவில் கேட்பதையே விட்டுவிட்டாள். மூடுகிற கதவெல்லாம் கோபத்தில்தான் மூடுகிறது என்று ஒரே போடாகப் போட்டாள். "உன்னை நோகடித்தவர் போய்விட்டார், இனித் திற" என்ற ஒற்றை மந்திரத்தைச் சொல்லிவிட்டு, நின்ற வாக்கிலேயே வேலையை முடித்து வருவாள். பேர் வாங்கிய பிறகு குனிவது கஷ்டம்தானே.

மனைவியைப் பறிகொடுத்த தையல்காரர் உள்ளே அடைந்துகிடந்த வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "மரமே சரியில்ல" என்று கையை உதறிவிட்டு வந்தாள். மறுநாள் சுவரை இடித்து அவரைப் பிணமாக எடுத்தார்கள்.

இன்று இறுகியிருப்பது அவள் வீட்டுக் கதவு. மழைக்காலத்தில் வீட்டை விட்டுப் போன புருஷன் திரும்பவே இல்லை. காலையில் அவன் துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் போட்டிருந்தாள். பள்ளி விட்டு வந்த மகள் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவும் ஜன்னலும் சேர்ந்தே இறுகின. மகளுக்கு இழுப்பு உண்டு. மூச்சு மருந்து கூடத்தில் கிடந்த பள்ளிப் பையில் இருந்தது. உள்ளே அவள் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது.

தச்சு வேலை செய்யும் தம்பி கடப்பாரையோடு ஓடிவந்தான். இரும்பு வழுக்கியது.

"தள்ளுடா," என்று அவள் முன்னே வந்து மந்திரத்தைச் சொன்னாள். கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சக் கோடு மெலிந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னாள். கோடு நூலாகிவிட்டது.

"அக்கா, நீ சொல்லச் சொல்ல இறுகுது. காதை வச்சுக் கேளேன்."

"நான் பாக்காத கதவா? இதுவும் கோபம்தான்."

"உள்ள மூச்சு முட்டுது, அக்கா. உன் வீறாப்பை அப்புறம் வச்சுக்க."

அவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வைத்த காது. கோபத்தின் அதிர்வு அவளுக்குத் தெரியும். இதில் அது இல்லவே இல்லை. யாரையும் வெளியே தள்ளுவதற்காக இந்தக் கதவு மூடவில்லை. உள்ளே இருப்பதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. போய்விட்டார், போய்விட்டார் என்று இவள் கத்தக் கத்த, இன்னும் கெட்டியாகப் பிடித்திருக்கிறது.

"சட்டைய எடுக்க மாட்டேன்டி," என்றாள். "அப்பா துணி எதையும் வெளிய போட மாட்டேன். எல்லாம் இங்கயே இருக்கட்டும்."

கதவு தானாக விலகியது. மகள் சுவரோரம் சுருண்டு, சட்டையை முகத்தோடு அழுத்திக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி மருந்தை நீட்ட, கதவுக்காரி அதை மகள் வாயில் வைத்து அழுத்தினாள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. தம்பி காற்று வரட்டும் என்று ஜன்னல் பக்கம் போனான்.

"வேணாம் மாமா," என்றாள் மகள். "வாசனை போயிடும்."

கதவுக்காரி மகளை மடியில் போட்டுக்கொண்டு, கதவுக்கடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் வீட்டிலும் அங்கே ஒரு வெளிச்சக் கோடு இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அதுவும் மெலிந்தது. பொழுது சாய்வதால்தான் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.