இவர் எங்கப்பா

டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைத் தனப்பிரியா முதலில் கவனிக்கவில்லை. "நல்லா வளந்துட்டியே சாமி" என்ற குரலைக் கேட்டதும்தான் திரும்பினாள்.

அப்பா. ஆயுள் கைதி தங்கசாமி.

அவளுடைய பத்தாவது வயதில், திருச்செங்கோட்டு வீட்டில் அம்மாவை வெட்டினார். தடுக்க ஓடிவந்த பக்கத்து வீட்டு உபகாரசாமியையும் வெட்டினார். கண்ணால் பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னவர் உபகாரசாமியின் மனைவி மரியபுஷ்பம். கொலைகாரன் பிள்ளை வேண்டாமென்று சொந்தங்கள் ஒதுங்கியபோது, அவளைச் சேலத்துக்குக் கூட்டிவந்து செவ்வாய்ப்பேட்டை வீட்டில் வைத்து வளர்ப்பவரும் அவரேதான். அது அப்பாவுக்குத் தெரியாது.

"பரோல்ல உட்டாங்க சாமி. உன்னைய ஒருக்கா பாக்கோணும்னுதான் பள்ளிக்கூட வாசல்லருந்தே பின்னால வந்தேன்." அன்பாகத்தான் சிரித்தார். "எங்க தங்கியிருக்கற?"

"ஹாஸ்டல்லங்கப்பா."

"ஹாஸ்டல் புள்ளைக்கு டவுன் பஸ்ல என்ன சோலி?"

"பிராஜெக்ட்டுக்குப் பிரிண்ட் எடுக்கோணுங்க." பொய் தடுமாறாமல் வந்தது.

"அந்தப் புஷ்பம் இந்த ஊர்லதான் இருக்கறாளாமா. எங்கன்னு தெரியுமா?"

மடியிலிருந்த மஞ்சள் பைக்குள் நீளமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"தெரியாதுங்கப்பா."

முன்சீட்டில் வகுப்புத் தோழி மெர்லினும் மற்றவர்களும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா இறந்துவிட்டார் என்றுதான் அவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள்.

போன் அடித்தது. திரையில் 'புஷ்பம்மா'. அவள் துண்டிப்பதற்குள் அவர் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"கண்ணு, எங்க இருக்க? உங்கப்பன் பரோல்ல வந்து தப்பிச்சுட்டானாம். இப்பத்தான் ஸ்டேஷன்லருந்து சொன்னாங்க. எங்கயும் நிக்காத, நேரா வீட்டுக்கு வந்துடு."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் மட்டும் மாறவில்லை.

"அவ வீட்டுக்கு நீ முன்னால நட சாமி. நான் பின்னால வாரேன்."

பஸ் வேகம் குறைந்தது. கத்தினால் மெர்லினுக்குத் தெரிந்துவிடும். நாளைக்குப் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு நொடி அந்த வெட்கம்தான் அவளைத் தடுத்தது. அடுத்த நொடி, கதவைத் திறந்துவைத்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் புஷ்பம்மாவின் முகம் வந்தது.

"கண்டக்டரண்ணா, கதவத் தெறக்காதீங்க! இவர் எங்கப்பா. எங்கம்மாவக் கொன்னவர். பையில அருவா இருக்குது!"

அவர் கை பைக்குள் போனது. அதற்குள் மெர்லின் சீட்டின்மேல் எம்பிப் பையைப் பிடுங்கி இழுத்து, அதோடு கீழே விழுந்தாள். நின்றுகொண்டிருந்த ஆண்கள் அவர்மேல் பாய்ந்து அமுக்கினார்கள். டிரைவர் எங்கும் நிறுத்தாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டினார்.

புஷ்பம்மா செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். தனப்பிரியாவின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை சிராய்த்திருந்த மெர்லின் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

லாக்கப்பிலிருந்து "சாமி" என்று குரல் வந்தது. பழைய பழக்கத்தில் தனப்பிரியா சட்டென்று எழுந்துவிட்டாள். புஷ்பம்மா தடுக்கவில்லை. அவள் தானாகவே மறுபடி உட்கார்ந்தாள். புஷ்பம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.