எழில்மதிக்கு நூற்றிநாலு

எங்கள் நர்சிங் கல்லூரியில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்: அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. கொண்டை சரியில்லையா, அப்பா. காய்ச்சலில் வார்டுக்கு வரவில்லையா, அப்பா. அதனால் பாரதி மேடம் மன அழுத்தத்தை அளக்கும் நாற்பது கேள்விப் படிவத்தோடு வந்து, "எண்பதைத் தாண்டினா வூட்லேர்ந்து ஆளைக் கூப்பிடுவோம், உங்க நல்லதுக்குத்தான்" என்றதும் மூன்றாம் ஆண்டு மொத்தமும் உஷாரானோம். தூக்கம் கெடுகிறதா? ஒருபோதும் இல்லை. வார்டை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறதா? ஒருபோதும் இல்லை. ஐந்தே நிமிடத்தில் அத்தனை பேரும் ஞானிகளாகிவிட்டோம்.

எழில்மதி மட்டும் யோசித்து யோசித்து எழுதி, நூற்றிருபதுக்கு நூற்றிநாலு வாங்கினாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டப் போகும் அவள் அப்பா கொளஞ்சியப்பனுக்கு ஆபீசிலிருந்து போன் போனது: புதன்கிழமை வரவும்.

"அவ்ளோதான்டி. படிச்சிப் படிச்சிப் பொண்ணுக்கு நோவு வந்துட்ச்சின்னு அப்பா என்னைக் கூட்டிக்கினு போயிடும்" என்று அழுதாள். ஊரில் அத்தை மகன் வேறு தயாராக இருந்தான். "படிப்பு ரொம்பக் கஷ்டம்பா, முடிச்சிட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கல்யாணத்தை அவள் தள்ளிப்போட்டு வந்தாள்.

மேடத்துக்கு வேறு தலைவலி. அழுத்தம் ஏறினால் வேலைத்திறன் இறங்கும் என்று அவர் ஆராய்ச்சியில் நிரூபித்தாக வேண்டும். ஆனால் வார்டு வேலைக்கு அவரே போட்ட மார்க்கில், ஞானிகளான நாங்கள் ஐம்பதுக்கு முப்பதைத் தாண்டவில்லை. நூற்றிநாலு வாங்கிய எழில்மதிக்கு நாற்பத்தெட்டு. நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிறவள் அவள்.

செவ்வாய்க்கிழமை மேடம் அவளைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"உன்னால என் கணக்கே உதைக்குது. ஒண்ணு மார்க்கைக் குறைக்கணும், இல்ல டென்ஷனைக் குறைக்கணும். எதைக் குறைக்கட்டும், நீயே சொல்லு."

"டென்ஷனையே கம்மி பண்ணிக்கிறேன் மேடம்."

புதுப் படிவம் வந்தது. கை நடுங்குகிறதா என்ற கேள்விக்கு, நடுங்கும் கையாலேயே ஒருபோதும் இல்லை என்று டிக் அடித்தாள். எல்லாருக்குமே சைபர் என்றால் எதை நிரூபிப்பது என்ற கேள்வி எனக்கு வாய்வரை வந்தது. என் அப்பாவின் ஞாபகமும் கூடவே வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை கொளஞ்சியப்பன் வேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து நின்றார்.

"எம் பொண்ணுக்கு இன்னாங்க மேடம்?"

"ஒண்ணும் இல்லீங்க, தப்பா போன் பண்ணிட்டாங்க. அவளுக்கு டென்ஷனே கிடையாது. படிப்பு ரொம்ப லேசா இருக்குதாம். பாருங்க, அவ கையாலயே எழுதியிருக்கா."

அவர் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழில்மதி என் கையைப் பிடித்து அழுத்தினாள், அவ்வளவு சந்தோஷம்.

"நல்ல சேதி சொன்னீங்க. கஷ்டம் கஷ்டம்னு சொல்லிக்கினே இருந்துச்சிங்க, நாங்களும் பாவம்னு பொறுத்துக்கினு இருந்தோம். எங்க அக்கா வூட்ல தேதி கேட்டுக்கினே இருக்காங்க. இவ்ளோ லேசுன்னா வர தை மாசமே முடிச்சிடலாம். கட்டிக்கினு வந்து படிக்கட்டுமே."

"ரொம்ப சந்தோஷங்க" என்றார் மேடம்.

எழில்மதி என் கையை விட்டாள்.

"மேடம், இன்னொரு ஃபார்ம் இருக்குங்களா?"