பதினோர் அரை மதிப்பெண்கள்

2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மலேசியாவின் கோலா கெடா படகுத்துறையில் மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. ஒன்றே முக்காலுக்கு லங்காவியிலிருந்து வந்திருக்க வேண்டிய ஃபெர்ரி இன்னும் கண்ணில் படவில்லை. துறைத்தலைவர் டாக்டர் தலீலா அதில் இருந்தார். அவருடைய கையொப்பத்தோடு மதிப்பெண் திருத்தப் படிவம் நான்கரைக்குள் தேர்வுப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால், கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு காலை பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டோர் பட்டியல் வெளியாகும். அதில் ஏழாவது பெயர் குணசுந்தரி.

அந்தக் குணசுந்தரி, நரம்புயிரியல் விரிவுரையாளர் சுப்பிரமணியத்துக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவர் தொலைபேசியில் அழைத்ததும் கரங்கானிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். படிவம் நெகிழி உறைக்குள் அவர் மடியில் இருந்தது.

ஐம்பத்தேழு பேர் எழுதிய தேர்வில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுத, மலாயில் விடை எழுதியவள் அவள் ஒருத்தியே. நரம்பு என்று வரவேண்டிய இடங்களிலெல்லாம் 'ஊராட்' என்று எழுதியிருந்தாள். மலாயில் நரம்புக்கு 'ஊராட் சாராஃப்' என்று இரண்டு சொற்களும் வேண்டும். வெறும் ஊராட் இரத்தக்குழாயாகவும் இருக்கலாம், தசைநாணாகவும் இருக்கலாம். சுப்பிரமணியம் ஒவ்வோர் இடத்திலும் அரை மதிப்பெண் குறைத்தார். பதினோர் இடங்கள். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்; அவள் பெற்றது முப்பத்துநான்கரை.

இன்று காலை அடுத்த பருவத்துக்கான பாடத்தைத் திருத்த அமர்ந்தபோது, தம்முடைய பதினான்காம் படவில்லையில், ஆங்கிலச் சொல்லின் கீழே, அவர் அந்த மலாய்ச் சொல்லைக் கண்டார். வெறும் 'ஊராட்'. அடுத்த ஒன்பது வில்லைகளிலும் அதுவே. காரணமும் உடனே நினைவுக்கு வந்தது. 'சாராஃப்' என்ற சொல் தனியாக இரண்டாம் வரிக்கு இறங்கியது; பார்க்க அழகாக இல்லை. அவரே அதை நீக்கியிருந்தார்.

"புத்தகத்துல வேற மாதிரி இருக்கேன்னு வந்து கேட்டிருக்கலாமேம்மா?"

"பார்த்தேன் சார். கமா விட்டாலே அரை மார்க் வெட்டுறவரு நீங்க. நீங்க தப்பாப் போடுவீங்கன்னு யாரு நினைப்பா?" அவள் பையின் வாரைத் திருகினாள். "அதோட, எங்க வீட்ல எல்லாமே நரம்புதான் சார். கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி ரத்தம் எடுக்க வந்தா, நரம்பே கிடைக்கலன்னு அம்மா சொல்லும். கால் இழுத்துக்கிட்டாலும் நரம்பு. மலாய்லயும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன் லா."

அந்த விளக்கத்தில் குறை சொல்ல அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி ஒலித்தது. தேர்வுப் பிரிவு எழுத்தர் பஷீர்.

"சார், கப்பல் வந்துச்சா இல்லையா? நாலரைக்கு ஷட்டர இறக்கிருவாங்க. நீங்க அனுப்புன போட்டோவப் பார்த்தேன். ஏன் சார் மூணாவது கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க? மொத கட்டம், கூட்டல் பிழை. எல்லாரும் அதுலதான் போடுவாங்க."

"கூட்டல் சரியா இருக்கு பஷீர். ஆடிட்டுல தாளப் பிரிச்சாத் தெரிஞ்சிரும். அப்புறம் இவளை யாராலும் காப்பாத்த முடியாது."

"ஒரு தடவையாச்சும் தப்பாக் கூட்டியிருக்கக் கூடாதா சார் நீங்க?"

மூன்றாம் கட்டத்தில் 'தேர்வாளரின் அலட்சியம்' என்று அச்சிட்டிருந்தது. அந்தத் துறையில் அதுவரை யாரும் அதில் குறியிட்டதில்லை. சுப்பிரமணியத்தின் பணி ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது; நீட்டிப்பதா என்று ஒரு குழு முடிவு செய்யும்.

"மூணாவது கட்டம்னா என்ன சார்?" என்று கேட்டாள் குணசுந்தரி. பஷீரின் குரல் அவள்வரை கேட்டிருந்தது.

"தப்பு என்னுடையதுன்னு அர்த்தம்."

"அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"முதல்ல ஃபெர்ரி வரட்டும்."

மூன்று மணிக்கு அவர் நுழைவுச்சீட்டுச் சாளரத்துக்குப் போய்க் கேட்டார். மூன்று பத்துக்கு மறுபடியும் கேட்டார். மூன்று இருபதுக்கு அவர் எழுந்தபோதே சாளரத்துப் பெண் கையை விரித்தாள். அவருடைய உள்ளங்கைகள் வியர்த்தன, நாக்கு வறண்டது. எந்த நரம்பு எதைச் செய்கிறது என்று பதினாறு ஆண்டுகளாகக் கற்பித்தவர். ஒன்றையும் அவரால் நிறுத்த முடியவில்லை.

"சார், உட்காருங்க சார்," என்றாள் குணசுந்தரி. "நீங்க நடக்கிறதப் பார்த்தா எனக்கு அழுகையா வருது."

மூன்று முப்பத்தெட்டுக்கு ஃபெர்ரி வந்தது. கடல் குலுக்கியதில் முகம் வெளுத்துப்போய் இறங்கிய தலீலா, தூண் ஓரமாக நின்று படிவத்தை இருமுறை படித்தார். பிறகு மலாயில் பேசினார்.

"டிசம்பரில் உங்கள் கோப்போடு இந்தத் தாளும் வரும். நான் மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேண்டாம்."

"குழு முன்னால் என்னால் உங்களுக்காகப் பேசவும் முடியாது, சுப்ரா."

"தெரியும். மணி மூன்று நாற்பத்தைந்து."

தலீலா குணசுந்தரியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தம் கைப்பையின் மேல் தாளை வைத்து, முடிவுக்கான இடத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தேதி போட்டார். பதினாறு என்று போட்டார்.

"இன்று பதினைந்து," என்றார் சுப்பிரமணியம். தலீலா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆறை அடித்து ஐந்தாக்கி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.

அவருடைய காரில் போகும்போது பாலத்தருகே ஒரு லாரி குறுக்கே நின்றதில் ஒன்பது நிமிடம் போயிற்று. குணசுந்தரி படிவத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். தேர்வுப் பிரிவை அவர்கள் எட்டியபோது நான்கு இருபத்தொன்பது. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

சுப்பிரமணியம் ஈரத் தரையில் மண்டியிட்டார். தாளை அவளிடமிருந்து வாங்கி, அடியில் நீட்டினார். உள்ளேயிருந்து பஷீரின் விரல்கள் அதன் மறுமுனையைப் பிடித்தன.

"தேதி ஓரிடத்துல திருத்தியிருக்கு. பக்கத்துலயே சுருக்கொப்பம் இருக்கு, பாருங்க," என்றார் சுப்பிரமணியம்.

"பார்த்துட்டேன் சார். விடுங்க சார். கைமேல ஷட்டர் இறங்குது."

அப்போதுதான் அவர் விட்டார்.